அமெச்சூர் வானொலி: பொழுதுபோக்கும் அனர்த்தகாலச் சேவையும்

அறிமுகம்

மாணவர்களே, கையடக்கத் தொலைபேசியில் நீங்கள் நண்பர் ஒருவரை அழைக்கும்போது உங்கள் குரல் அவரது தொலைபேசிக்கு நேரடியாகச் செல்வதில்லை. அது முதலில் அருகிலுள்ள கோபுரத்தை அடைகிறது. அங்கிருந்து வடங்கள் அல்லது நுண்ணலைகள் மூலம் தொலைபேசி நிறுவனத்தின் நிலையத்துக்குச் செல்கிறது. பின்னர் நண்பருக்கு அருகிலுள்ள கோபுரத்தின் ஊடாக அவரை அடைகிறது. நண்பர் அடுத்த வீட்டில் இருந்தாலும் வழி இதுவேயாகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் அழைப்பு கிடைக்காது. கோபுரம் சரிந்தால், வடம் வெள்ளத்தில் அறுந்தால், மின்சாரம் நின்று கோபுரத்தின் பற்றரி தீர்ந்தால், கையிலுள்ள தொலைபேசி எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் பயன்படாது.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் நிகழும் சந்தர்ப்பமே பேரனர்த்தம் ஆகும். தகவல் தொடர்பு மிகவும் தேவைப்படும் அந்த வேளையிலேயே அது இல்லாமற் போகிறது. அவ்வாறான வேளைகளில், பொழுதுபோக்காக வானொலியைக் கற்ற சாதாரண மனிதர்கள் பல உயிர்களைக் காக்க உதவியுள்ளனர். அவர்களது பொழுதுபோக்கு அமெச்சூர் வானொலி எனப்படும். இதனை ஹாம் வானொலி என்றும் அழைப்பர்.

அமெச்சூர் வானொலி என்றால் என்ன?

பணம் சம்பாதிக்கும் நோக்கமின்றி, தமது சொந்த ஆர்வத்தினால், அரசின் அனுமதிப்பத்திரம் பெற்று வானொலி அலைகள் மூலம் பிறருடன் தொடர்பு கொள்வதே அமெச்சூர் வானொலி ஆகும். இது நாம் வீட்டில் கேட்கும் வானொலி ஒலிபரப்பிலிருந்து வேறுபட்டது. ஒலிபரப்பில் ஒருவர் பேச ஆயிரக்கணக்கானோர் கேட்கின்றனர். அமெச்சூர் வானொலியிலோ இருவழித் தொடர்பு நிகழ்கிறது. ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் பேசுவார்.

ஓர் அமெச்சூர் வானொலி நிலையத்துக்கு மூன்று பொருட்களே அடிப்படையானவை.

1. செலுத்தியும் வாங்கியும் ஒருங்கே அமைந்த வானொலிக் கருவி
2. அன்ரனா (பல சந்தர்ப்பங்களில் இது வெறும் செப்புக் கம்பியே)
3. மின்வழங்கல் (12 வோல்ற்று கார் பற்றரி ஒன்றும் போதுமானது)

இரு நிலையங்களுக்கும் இடையில் கோபுரமோ, வடமோ, நிறுவனமோ தேவையில்லை. இதுவே இதன் பலத்துக்கு முதற் காரணமாகும்.

சுருக்கமான வரலாறு

1901 ஆம் ஆண்டு டிசெம்பர் 12 ஆம் திகதி மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அப்பாலிருந்து வந்த வானொலிச் சமிக்ஞையைப் பெற்றதாக அறிவித்தார். அதன்பின் பல நாடுகளிலும் இளைஞர்கள் வீட்டிலேயே கருவிகளை அமைத்துப் பரிசோதனை செய்யத் தொடங்கினர். அக்காலத்தில் நீண்ட தூரத் தொடர்புக்கு நீண்ட அலைகளே உகந்தவை எனக் கருதப்பட்டது. எனவே ஐக்கிய அமெரிக்கா 1912 இல் இயற்றிய சட்டம், 200 மீற்றரும் அதற்குக் குறைந்ததுமான அலைநீளங்களை அமெச்சூர் வானொலியாளருக்கு ஒதுக்கியது. பயனற்றவை எனக் கருதப்பட்ட அலைகளே அவர்களுக்குக் கிடைத்தன.

ஆனால் அவர்கள் மனந்தளரவில்லை. 1923 நவம்பரில் பிரான்சின் லெயோன் டெலோய், அமெரிக்காவின் பிரெட் ஷ்னெல் ஆகிய இருவரும் சுமார் 110 மீற்றர் அலைநீளத்தில் அத்திலாந்திக்கைக் கடந்து இருவழித் தொடர்பை ஏற்படுத்தினர். 1924 ஒக்ரோபர் 18 ஆம் திகதி, இலண்டன் மில் ஹில் பாடசாலையின் நிலையத்திலிருந்து சிசில் கொய்டர் என்ற 18 வயது மாணவன் நியூசிலாந்தின் பிராங் பெல் என்பவருடன் தொடர்பு கொண்டான். ஏறத்தாழ உலகின் மறுபக்கத்தை எட்டிய இத்தொடர்பு சிற்றலைகளின் ஆற்றலைத் தெளிவாகக் காட்டியது. அதே மாணவனே பிற்காலத்தில் அகில இந்திய வானொலியின் பிரதம பொறியியலாளராகப் பணியாற்றினார்.

1925 ஏப்ரல் 18 ஆம் திகதி பாரிஸ் நகரில் சர்வதேச அமெச்சூர் வானொலி ஒன்றியம் உருவாக்கப்பட்டது. இதனை நினைவுகூர்ந்து ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 18 உலக அமெச்சூர் வானொலி தினமாகக் கொண்டாடப்படுகிறது. இலங்கை வானொலிச் சங்கமும் இந்த ஒன்றியத்தில் அங்கத்துவம் வகிக்கிறது.

விஞ்ஞான அடிப்படை

வானொலி அலைகள் மின்காந்த அலைகளாகும். அவை வெற்றிடத்தில் செக்கனுக்கு 300,000 கிலோமீற்றர் வேகத்தில் செல்கின்றன. விஞ்ஞான பாடத்தில் நீங்கள் கற்ற சமன்பாடு இங்கும் பொருந்தும்.

வேகம் = மீடிறன் × அலைநீளம்

மீடிறனை மெகாஹேர்ட்ஸிலும் அலைநீளத்தை மீற்றரிலும் எடுத்தால் கணிப்பு இலகுவாகும்.

அலைநீளம் = 300 ÷ மீடிறன்

உதாரணம்: 7.1 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுடைய அலையின் அலைநீளம் 300 ÷ 7.1 = 42.3 மீற்றர் (அண்ணளவாக). எனவே இப்பகுதி 40 மீற்றர் அலைவரிசை எனப்படுகிறது. இதற்கு அரை அலைநீள அன்ரனா அமைக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 21 மீற்றர் கம்பி தேவை. நடைமுறையில் இதனிலும் சற்றுக் குறைத்தே, அதாவது சுமார் 20 மீற்றர் அளவில் வெட்டுவர். இரண்டு தென்னைகளுக்கிடையே கட்டக்கூடிய நீளமே இது.

*அலைகள் தூர இடங்களை அடைவது எவ்வாறு?*

புவி வளைந்தது. ஆனால் அலைகள் நேர்கோட்டில் செல்பவை. அவ்வாறாயின் அடிவானத்துக்கு அப்பாலுள்ள ஊரை அவை எவ்வாறு அடைகின்றன? இதற்கு அயன் மண்டலம் துணைபுரிகிறது. புவிமேற்பரப்பிலிருந்து சுமார் 60 கிலோமீற்றருக்கு மேல் தொடங்கிப் பல நூறு கிலோமீற்றர் வரை பரந்துள்ள இப்பகுதியில், சூரியக் கதிர்களினால் வளியிலுள்ள அணுக்களும் மூலக்கூறுகளும் அயனாக்கப்படுகின்றன. ஏறத்தாழ 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரையான சிற்றலைகள் இம்மண்டலத்தில் படிப்படியாக முறிவடைந்து மீண்டும் புவியை நோக்கி வளைகின்றன.

- சாய்வாக அனுப்பப்படும் அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தொலைவில் இறங்கும்.
- ஏறத்தாழ நேர் மேலே அனுப்பப்படும் அலை சில நூறு கிலோமீற்றர் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். நீர்த்தாரை ஒன்றை மேல்நோக்கிப் பீச்சினால் அது நம்மைச் சுற்றியே விழுவதற்கு இதனை ஒப்பிடலாம். இதனால் இடையில் மலைகள் இருந்தாலும் தடையில்லை.
- 144 மெகாஹேர்ட்ஸ் போன்ற உயர் மீடிறன் அலைகள் பொதுவாக அயன் மண்டலத்தை ஊடுருவிச் சென்றுவிடும். எனவே இவை கண்ணுக்கெட்டிய தூரத் தொடர்புக்கே ஏற்றவை. ஒரு நகரத்துக்குள் அல்லது நிவாரண முகாம்களுக்கிடையே இவை பயன்படும்.

அயன் மண்டலத்தின் நிலை எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பகல், இரவு, பருவகாலம், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் சூரியப் புள்ளிகள் என்பவற்றுக்கேற்ப அது மாறும். எந்த நேரத்தில் எந்த மீடிறனில் பேசினால் எந்த ஊர் கேட்கும் என்பதை நூலிலிருந்து மட்டும் அறிந்துவிட முடியாது. நாள்தோறும் வானொலியின் முன் அமர்ந்து கேட்டே அதனைப் பழக வேண்டும். பொழுதுபோக்கின் பயன் இங்கேதான் தொடங்குகிறது.

பொழுதுபோக்காக

அமெச்சூர் வானொலியாளர் பல வகையான செயல்களில் ஈடுபடுகின்றனர்.

- குரல் மூலமோ மோர்ஸ் குறி மூலமோ கணினி மூலமோ பிற நாட்டவருடன் உரையாடுதல்
- தொடர்பு கொண்டதை உறுதிப்படுத்தும் அஞ்சலட்டைகளைப் பரிமாறிச் சேகரித்தல்
- கருவிகளையும் அன்ரனாக்களையும் தாமே அமைத்தல், திருத்துதல்
- குறைந்த வலுவில் அதிக தூரத்தை எட்ட முயலுதல்
- செய்மதிகள் மூலம் தொடர்பு கொள்ளுதல். அமெச்சூர் வானொலியாளரின் முதலாவது செய்மதியான ஒஸ்கார் 1, 1961 டிசெம்பர் 12 ஆம் திகதி விண்ணுக்கு அனுப்பப்பட்டது.

சர்வதேச விண்வெளி நிலையத்திலும் அமெச்சூர் வானொலிக் கருவி உண்டு. பல நாடுகளின் பாடசாலை மாணவர்கள் அதன் மூலம் விண்வெளி வீரர்களுடன் உரையாடியுள்ளனர். உலகச் சாரணர் இயக்கம் 1958 முதல் ஆண்டுதோறும் வானொலி ஜம்போரி ஒன்றை நடத்தி வருகிறது. இதில் அனுமதிப்பத்திரம் பெற்றவரின் மேற்பார்வையில் சாரண மாணவர்கள் பிற நாட்டுச் சாரணருடன் பேசலாம்.

ஒவ்வொரு நிலையத்துக்கும் உலகில் வேறெவருக்கும் இல்லாத ஓர் அழைப்புக்குறி உண்டு. அதன் தொடக்கத்தைக் கொண்டே நாட்டை அறியலாம். இலங்கையின் குறிகளில் நன்கறியப்பட்ட தொடக்கம் 4எஸ்7 ஆகும். இந்தியாவுக்குரியது வியூ ஆகும். இரைச்சலினால் எழுத்துகள் தவறாகக் கேட்கக்கூடும் என்பதால் எழுத்துக்குப் பதிலாகச் சொல்லைக் கூறுவர். எனவே 4எஸ்7 என்பதை "ஃபோர் சியரா செவன்" என்றே உச்சரிப்பர்.

அனர்த்தகாலச் சேவை: இரு உண்மைச் சம்பவங்கள்

*1. அந்தமான் தீவுகள், 2004*

2004 டிசெம்பர் மாதத்தில் இந்தியாவின் ஹைதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவகத்தைச் சேர்ந்த குழுவொன்று அந்தமான் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேயருக்குச் சென்றிருந்தது. குழுவின் தலைவி பாரதி பிரசாத் என்பவர். பல ஆண்டுகளாக அத்தீவுகளிலிருந்து எந்த அமெச்சூர் நிலையமும் இயங்கவில்லை. ஆகவே அவர்களுடன் தொடர்பு கொள்ள உலகெங்குமுள்ள வானொலியாளர் போட்டியிட்டனர். அதுவரை அது முற்றிலும் பொழுதுபோக்குப் பயணமே.

டிசெம்பர் 26 ஆம் திகதி இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் சுமாத்திராவுக்கு அருகே பாரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அப்போது பாரதி பிரசாத் வானொலித் தொடர்பில் இருந்தார். நடுக்கத்தை உணர்ந்ததும் அதனை வானொலியில் அறிவித்துவிட்டு வெளியேறினார். தொடர்ந்து சுனாமி தீவுகளைத் தாக்கியது. மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்தன. போர்ட் பிளேயருக்கும் சென்னைக்கும் இடையே 1,300 கிலோமீற்றருக்கும் அதிகமான கடல் உள்ளது. குழுவினர் மின்பிறப்பாக்கியின் உதவியுடன் நிலையத்தை மீண்டும் இயக்கினர். ஊர் ஊராகத் தொடர்பு தேடிய கருவி, காணாமற்போனோரையும் உயிர்தப்பியோரையும் பற்றிய செய்திகளை இந்தியப் பெருநிலத்துக்கு அனுப்பும் கருவியாகியது. பின்னர் கடுமையாகப் பாதிக்கப்பட்ட கார் நிக்கோபார் தீவிலும் குழுவினர் ஒரு நிலையத்தை அமைத்தனர்.

*2. அம்பாந்தோட்டை, 2004*

அதே நாளில் இலங்கையின் கரையோரங்களையும் சுனாமி தாக்கியது. நம் நாட்டில் 30,000 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தென்கரையிலுள்ள அம்பாந்தோட்டை நகரம் பேரழிவுக்குள்ளானது. அங்கு வழமையான தொடர்புகள் துண்டிக்கப்பட்டிருந்தன. இலங்கை வானொலிச் சங்கத்தைச் சேர்ந்த மூத்த வானொலியாளர் விக்டர் குணதிலக்கவின் ஒருங்கிணைப்பில், அமெச்சூர் வானொலியாளர் கருவிகளுடன் அங்கு சென்றனர். அம்பாந்தோட்டைக்கும் கொழும்பில் பிரதமரின் உத்தியோகபூர்வ இல்லத்தில் அமைக்கப்பட்ட கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் இடையில் சிற்றலைத் தொடர்பு ஏற்படுத்தப்பட்டது. எங்கே எது தேவை என்ற செய்திகள் அதன் மூலம் தலைநகரை அடைந்தன.

அம்பாந்தோட்டை கொழும்பிலிருந்து நேர்கோட்டில் 150 கிலோமீற்றருக்கும் அதிக தூரத்தில் உள்ளது. இத்தூரத்துக்கு ஏன் சிற்றலை தேவைப்பட்டது என்பதை முன்னர் கற்ற அயன் மண்டலப் பகுதியுடன் தொடர்புபடுத்திச் சிந்தியுங்கள்.

இச்சம்பவங்கள் உணர்த்தும் பாடம்

மேற்கூறிய இரண்டிலும் ஒரு பொதுவான உண்மை உண்டு. கருவி மட்டும் உயிர்களைக் காக்கவில்லை. அனர்த்தம் நிகழ்ந்த அன்று ஒரு புதிய கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து இயக்கத் தெரியாதவர் கையில் கொடுத்திருந்தால் பயன் கிடைத்திராது. கம்பியை எங்கே கட்டுவது, எந்த மீடிறனைத் தெரிவு செய்வது, இரைச்சலுக்கிடையே மெல்லிய குரலை எவ்வாறு பிரித்தறிவது, பற்றரியை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்துவது என்பவற்றை இவர்கள் சாதாரண நாட்களிலேயே பழகியிருந்தனர். மற்றவர்கள் வேடிக்கையாகக் கருதிய பொழுதுபோக்கே இவர்களுக்கு ஒத்திகையாக அமைந்தது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு மட்டும் படிப்பவருக்கும் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் படிப்பவருக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

அவசரச் செய்தியை அனுப்பும் முறை

அனர்த்த வேளையில் தவறான செய்தி, செய்தியின்மையிலும் ஆபத்தானது. 40 பேருக்குத் தேவையான மருந்து 14 பேருக்கென அறிவிக்கப்பட்டால் விளைவு என்னவாகும்? ஆகவே பயிற்சி பெற்றவர்கள் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடிப்பர்.

1. பேசுவதற்கு முன் கேட்டல். வேறொருவரின் அவசரச் செய்தியைக் குழப்பாதிருத்தல்.
2. செய்தியை முதலில் தாளில் எழுதுதல்: இலக்கம், நேரம், அனுப்புபவர், பெறுபவர், அவசரத்தின் அளவு, செய்தி.
3. சுருக்கமாகவும் தெளிவாகவும் வாசித்தல். எண்களை ஒவ்வோர் இலக்கமாகக் கூறுதல்.
4. பெற்றவர் அதனைத் திரும்ப வாசித்தல். பிழையிருப்பின் அனுப்பியவர் திருத்துதல்.
5. கட்டுப்பாட்டு நிலையத்தின் அனுமதியின்றி இடையிற் பேசாதிருத்தல்.
6. கேள்விப்பட்டதையும் நேரில் கண்டதையும் பிரித்துக் கூறுதல். வதந்தியைப் பரப்பாதிருத்தல்.

மாதிரிச் செய்தி: "செய்தி இலக்கம் 3. நேரம் 14.20. பாடசாலை முகாமிலிருந்து மாவட்டச் செயலகத்துக்கு. அவசரம். 40 குடும்பங்கள், நான்கு பூச்சியம். குடிநீர் இல்லை. பாலம் உடைந்துள்ளது, படகில் மட்டுமே வரலாம்."

இதில் அழகான சொற்கள் எவையும் இல்லை. ஆனால் உதவி செய்பவர் அறியவேண்டிய யாவும் உள்ளன.

சட்டமும் ஒழுக்கமும்

வானொலி அலைகள் எல்லோருக்கும் பொதுவான ஒரு வளமாகும். ஒருவர் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தினால் விமானங்கள், கப்பல்கள், பொலிஸ் ஆகியோரின் தொடர்புகள் பாதிக்கப்படலாம். ஆகவே இலங்கையில் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவிடம் அனுமதிப்பத்திரம் பெறுதல் அவசியமாகும். இதற்கு வானொலி அறிவு, விதிமுறைகள் என்பன பற்றிய பரீட்சையில் சித்தியடைய வேண்டும். அனுமதியின்றிச் செலுத்தும் கருவியை வைத்திருத்தல் சட்டப்படி குற்றமாகும். அமெச்சூர் வானொலியில் வியாபாரம் செய்யக்கூடாது, சேவைக்குப் பணம் பெறக்கூடாது, பாடல்களை ஒலிபரப்பக்கூடாது, பொருளை மறைக்கும் இரகசியக் குறிகளில் பேசக்கூடாது. தனது அழைப்புக்குறியைத் தவறாது கூறவேண்டும்.

முன்னர் சிற்றலையில் செலுத்துவதற்கு மோர்ஸ் குறி அறிவு சர்வதேச விதிகளின்படி கட்டாயமாக இருந்தது. 2003 இல் நடைபெற்ற உலக வானொலித் தொடர்பு மாநாட்டின் பின்னர், அதனைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த நாடுகளுக்கு வழங்கப்பட்டது.

வரையறைகள்

எந்தத் தொடர்புச் சாதனமும் குறையற்றதன்று. அமெச்சூர் வானொலியில் ஒரு மீடிறனில் ஒரு நேரத்தில் ஒருவரே பேசலாம். இலட்சக்கணக்கானோரின் அழைப்புகளை அது தாங்காது. பேசுவதை எவரும் கேட்கலாம் என்பதால் தனிப்பட்ட இரகசியங்களுக்கு உகந்ததன்று. இன்று செய்மதித் தொலைபேசியும் செய்மதி இணையமும் உள்ளன. எனினும் அவற்றுக்கும் நிறுவனமும் கட்டணமும் தேவை. ஆகவே அமெச்சூர் வானொலி ஏனைய சாதனங்களுக்குப் போட்டியன்று, அவை செயலிழக்கும் இடைவெளியை நிரப்பும் துணையே ஆகும்.

இலங்கையில் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தைத் தொடர்ந்து அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாக்கப்பட்டது. தொலைபேசி இயங்கும்வரை 117 என்ற இலக்கத்தில் அதனை அழைக்கலாம். தொலைபேசி இயங்காதபோது என்ன செய்வது என்ற வினாவுக்கே இக்கட்டுரை விடை தேடியது.

முடிவுரை

பயனற்றவை என ஒதுக்கப்பட்ட அலைகளைப் பெற்றவர்களே அவற்றால் உலகை இணைத்தனர். பொழுதுபோக்காகக் கற்றவர்களே அனர்த்த நாளில் ஊருக்கு உதவினர். மாணவர்களே, உங்களில் பலர் வானொலிக் கருவி ஒன்றை வாங்கும் வசதியற்றவராக இருக்கலாம். ஆயினும் செய்தியைப் பிழையின்றி எழுதுதல், கவனமாகக் கேட்டல், திரும்பக் கூறி உறுதிப்படுத்தல் ஆகிய மூன்றையும் இன்றே பழகலாம். ஓர் அனர்த்த வேளையில் இவை மூன்றுமே முதலில் தேவைப்படும்.

பயிற்சி வினாக்கள்

1. அமெச்சூர் வானொலிக்கும் வானொலி ஒலிபரப்புக்கும் இடையிலான இரு வேறுபாடுகள் தருக.
2. 200 மீற்றர் அலைநீளமுடைய அலையின் மீடிறனைக் கணிக்க.
3. 144 மெகாஹேர்ட்ஸ் அலை நீண்ட தூரத் தொடர்புக்குப் பொதுவாக உகந்ததன்று. காரணம் கூறுக.
4. அனர்த்த வேளையில் கையடக்கத் தொலைபேசிச் சேவை செயலிழப்பதற்கான மூன்று காரணங்கள் எழுதுக.
5. "பொழுதுபோக்கும் சமூகசேவையாகலாம்." அமெச்சூர் வானொலியை ஆதாரமாகக் கொண்டு 200 சொற்களில் கட்டுரை எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. இருவழித் தொடர்பு, இலாப நோக்கமின்மை.
2. 300 ÷ 200 = 1.5 மெகாஹேர்ட்ஸ்.
3. அது அயன் மண்டலத்தை ஊடுருவிச் செல்வதால் புவிக்குத் திரும்புவதில்லை.
4. கோபுரம் சேதமடைதல், வடங்கள் அறுதல், மின்தடையினால் பற்றரி தீர்தல்.
5. முன்னுரை, ஓர் உண்மைச் சம்பவம், அதற்குத் துணைபுரிந்த பயிற்சி, வரையறை ஒன்று, முடிவுரை என்ற ஒழுங்கில் எழுதுக. சம்பவத்தின் ஆண்டையும் இடத்தையும் தவறாது குறிப்பிடுக.